பக்கத்துக் கட்டில்காரரின் பிரார்த்தனை

கடவுள் இல்லை என்று ராஜபாளையம் டீக்கடைகளில் வருடக்கணக்கில் வாதாடிய நான், எண்பதுகளின் கடைசியில் நிமோனியா வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கடவுளே, காப்பாத்து" என்று அழுதேன். எந்தக் கடவுள் என்று சொல்லவில்லை. யாரோடும் அவ்வளவு பழக்கம் இல்லை. மத்தியான நேரம், மூச்சு திணறியதில் குரல் தலையணையைத் தாண்டவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு நூல் மில் தொழிலாளி, கிறிஸ்தவர். "அண்ணாச்சி, இந்தச் சத்தம் மில்லுல பக்கத்து ஆளுக்கே கேக்காது. செத்த நேரம் சும்மா இருங்க, நான் கூப்பிடுதேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே" என்று கத்தினார். ஜன்னல் அதிர்ந்தது. முன்பின் தெரியாத எனக்காக அவர் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்ததும் என் வாதங்கள் எல்லாம் மறந்துபோயின. கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறியது, பிழைத்தேன்.

வீடு திரும்பும் நாளில் நர்ஸம்மாவிடம், "கடவுள் கேட்டுட்டாரும்மா" என்றேன்.

"அவரு கேட்டாரோ என்னமோ, அந்தச் சத்தத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்த டாக்டரு எச்சிக்கையோட ஓடி வந்தாரு" என்றார்.