வானத்தில் ஐந்து பறவைகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். வருகிறவர்களின் கண்ணாடியை வாங்கி, 'ஹா' என்று வாயால் ஊதி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நீட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. பாதி ஊர் தெளிவாகப் பார்ப்பது தன் மூச்சுக்காற்றின் தயவில்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் புகைப்படக் கலைஞர். இதை அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை. முதன்முதலாக ஒத்துக்கொண்டவர்கள் கேமரா கண்காட்சிக்காரர்கள்தான். பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்களுக்கு அவர்கள் வைத்த போட்டியில் அவருடைய படம் கடைசிச் சுற்றுக்கு வந்து, மண்டபத்துச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. ஒரு பாழடைந்த தண்ணீர்த் தொட்டி, சாம்பல் வானம், அதன் இடது மூலையில் ஐந்து பறவைகள். எடுக்கும்போது அந்தப் பறவைகள் அவர் கண்ணில் படவே இல்லை. வீட்டில் கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான் பார்த்தார். கலைஞனின் உள்ளுணர்வு என்று முடிவுசெய்து, 'புறப்பாடு' என்று தலைப்பும் வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு நடுவர் வந்து முடிவு சொல்ல வேண்டும். மூன்றரைக்கு, துணைக்கு வந்திருந்த மச்சான் மண்டபத்துக்குள்ளேயே எதிரே இருந்த கேமரா கடையைக் கண்டுபிடித்தார்.

"மாப்ளே, கேமராவுக்குள்ள இருக்கிற சென்சாரை ஓசியில துடைச்சுத் தர்றாங்களாம். குடுங்க இப்படி!"

வேண்டாம் என்று சொல்வதற்குள் கேமரா கைமாறிவிட்டது. கடையில் இருந்த மெக்கானிக் ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்து, பெரிய திரையில் போட்டார். வெள்ளை வெளேரென்று திரை. அதன் இடது மூலையில் ஐந்து பறவைகள்.



"யாரு சார் உள்ள ஊதினது?" என்றார் மெக்கானிக். "எச்சில் தெறிச்சுக் காய்ஞ்சு கிடக்கு. எந்தப் படம் எடுத்தாலும் இதே இடத்துல இதே கறை விழுமே!"

யார் ஊதினது! தூசி என்று பட்டால் 'ஹா' என்று ஊதாமல் அந்த வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

மச்சான் திரையைப் பார்த்தார். பத்தடி தள்ளித் தொங்கிய படத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேக்காதீங்க மச்சான்."

"நீங்க எடுத்த என் பொண்ணு கல்யாணப் படத்துல சம்பந்தி நெத்தியில அஞ்சு மரு இருந்துச்சே... எதுலயும் இடது பக்கமா வந்து நின்ன மனுஷன். அந்த வீட்டுக்காரங்க இன்னும் நம்மகிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல..."

வாசலில் நடுவரின் தலை தெரிந்ததைக் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். திரையை அணைக்கச் சொல்லலாமென்றால் தொண்டையில் ஈரமில்லை. தேவைப்படாத நேரத்தில் தெறித்த எச்சில் தேவைப்படும்போது ஒரு சொட்டு வரவில்லை. திரைக்கும் நடுவருக்கும் நடுவே தன் உடம்பையே திரைச்சீலையாக விரித்து நின்றார். உடம்போ ஒல்லி. இரண்டு பறவைகள்தான் மறைந்தன.

நடுவர் வந்தார். சாட்சி சொல்ல வந்தவரைப் போல முகம். 'புறப்பாடு' முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

"இந்தப் படம் எடுத்தது யாரு?"

மச்சான் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார்.

"எங்கேர்ந்து வந்த பறவைங்க இது? இந்த மாதிரி சிறகு நான் பார்த்ததே இல்லையே!"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பறவையின் பெயரும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காக்கை உட்பட. உண்மை தானாக நழுவி விழுந்தது.

"என்... என் மூச்சுலேர்ந்து வந்ததுங்க ஐயா. வேற ஒண்ணுமில்ல."

நடுவர் கண்களை மூடினார். கண்ணாடிக்காரரும் மூடிக்கொண்டார், அடி விழும் என்று.

"மூச்சுலேர்ந்து!" என்றார் நடுவர், தழுதழுத்து. "கேட்டீங்களா எல்லாரும்? இதுதான்யா கலைஞன்!"

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. முதல் பரிசு. பயம் இறங்கும் நேரத்தில் நடுவர் தோளில் கைபோட்டார்.

"நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் மேடையில ஒரு படம் எடுத்துக் காட்டணும். இதே கேமரா, இதே பறவைங்க. நீங்க கூப்பிட்டா வரும்!"

கண்ணாடிக்காரர் எதிர்க் கடைக்கு ஓடினார். மெக்கானிக் சிரித்த முகமாகக் கேமராவை நீட்டினார்.

"பளிச்சுன்னு ஆக்கிட்டேன் சார். ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

வாங்கினார். லென்ஸைக் கழற்றினார். உள்ளே குனிந்து மெல்ல வாயைத் திறந்தார்.

"மாப்ளே," என்றார் மச்சான் காதோரமாக, "அஞ்சு போதும். கூட்டமா விட்டுடாதீங்க."