ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு கோடுகள்

நான் வரலாறு நடத்துகிற டீச்சர். சான்று இல்லாத எதையும் வகுப்பில் சொன்னதில்லை, வீட்டிலும் ஏற்றுக்கொண்டதில்லை. பேய்க்கதைப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன், மழைநாளில் மிக்சர் கொறிப்பதுபோல ரசித்துப் படித்திருக்கிறேன், படித்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன். கிரிவலப் பாதையில் சித்தரைப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களிடமெல்லாம் 'எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்' என்று கேட்டு வாயை அடைத்தவள் நான். ஆகவே நீங்கள் என்னை அப்படிக் கேட்டால் கோபப்படமாட்டேன், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுச் சமையலறை.

எங்கள் வீடு என்று சொல்லிவிட்டேன். அது மல்லிகாவின் வீடு. மல்லிகா என் கணவரின் முதல் மனைவி. அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, என் நாற்பத்தோராவது வயதில், நான் இந்த வீட்டுக்கு வந்தேன். பூஜை அறையில் அவர் படத்துக்குத் தினமும் பூ வைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, படம் என்ன செய்யும். என்னால் தாங்க முடியாமல் இருந்தது அந்தச் சமையலறைதான். வீடு கட்டும்போது மல்லிகா மேஸ்திரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து தனக்கென்று கட்டிக்கொண்ட சமையலறை. அவர் நாலே முக்கால் அடி உயரம், அதனால் மேடை முப்பதே அங்குலம். அவருக்கு இடது கைப் பழக்கம், அதனால் சுவிட்ச், கத்தி மாட்டும் இடம், அலமாரிக் கதவு எல்லாம் எனக்கு எதிர்ப்பக்கம். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், வலது கைக்காரி. ஐந்து வருடங்கள் அந்த மேடையில் குனிந்து குனிந்து இட்லி ஊற்றி என் இடுப்பு போய்விட்டது.

அதைச் சொன்னால் என் கணவர், "மல்லிகா ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்துப் பண்ணா, பழகினா உனக்கும் சரியாயிடும்" என்பார். பக்கத்து வீட்டுத் தனலட்சுமி அக்கா வந்தால் வாசற்படியில் நின்றே ஆரம்பித்துவிடுவார்.

"மல்லிகா இந்த கிச்சன்ல நின்னா எப்டி இருக்கும் தெரியுமா டீச்சர்? நொட்டாங்கையாலயே சரசரன்னு வெங்காயம் அரிவா. பார்த்துனே இருக்கலாம்."

கவனியுங்கள், அவர் மல்லிகா, நான் டீச்சர். எட்டு வருடங்களுக்கு முன்பு போனவருக்குப் பெயர் இருக்கிறது, தினமும் இந்தத் தெருவில் நடக்கிற எனக்கு உத்தியோகம்தான் இருக்கிறது. பொறாமை என்றால் பொறாமைதான், மறைக்கவில்லை. இறந்துபோன பெண் மேல் பொறாமைப்படுவதில் ஒரு கஷ்டம் உண்டு. அவருக்கு வயதும் ஏறாது, அவரிடம் புதிதாக ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

ஒருவழியாக இந்த வருடம் சமையலறையை மாற்றிக் கட்ட என் கணவர் சம்மதித்தார். கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த பூபாலன் என்ற கான்ட்ராக்டர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நான் அதற்கு எப்படித் தயாரானேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவுக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை தார் போட்டார்கள், எந்தத் தீபத்தன்று மேகம் மறைத்து மலையுச்சி தெரியவில்லை, எல்லாம் அதில் இருக்கும். அதே மாதிரி இன்னொரு நோட்டு போட்டு, சமையலறையில் என்னென்ன இடிக்க வேண்டும் என்று பதினொன்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பதினொன்றும் மல்லிகா வைத்தவை. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த ஒரு அறையாவது என்னுடையதாக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வியாழன் அரை நாள் லீவு போட்டேன். புது மேடையின் உயரத்தைச் சுவரில் குறித்து வைத்தால் பேச்சு சுலபமாகும் என்று, ஃப்ரிட்ஜை இழுத்து நகர்த்திவிட்டு அதன் பின்னால் இருந்த வெறும் சுவரில், தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம் அளந்து, பள்ளிக்கூடத்துச் சிவப்பு சாக்பீஸால் முக்கால் கை நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். முப்பத்தாறு ஏன் என்றால், மல்லிகாவைவிட அரை அடி கூட இருக்கட்டும் என்றுதான், வேறு கணக்கு இல்லை. பதினெட்டு வருடங்களாகக் கரும்பலகையில் காலக்கோடு வரைகிற கை இது. கோடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் குத்துக்கோடு போடாமல் என்னால் இழுக்கவே முடியாது. இதிலும் இடது ஓரத்தில் அது விழுந்தது. மணி இரண்டு பத்து. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மலைமேல் கருமேகம் கவிந்திருந்தது, ஆகவே மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்துவந்தேன். வாசல் கிரில் உள்ளே பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில். என் கணவர் கலெக்டர் ஆபீஸில் வேலையில் இருந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் என் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே இன்னொரு கோடு.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், எனக்கு அப்போது பயமே வரவில்லை. முதலில் தப்பாக அளந்து இழுத்துவிட்டு மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்றே நினைத்தேன், ஈரத்துணியால் கீழ்க்கோட்டை மட்டும் அழுத்தித் துடைத்தேன். டீ போட்டேன், முன்னறைக்குக் கொண்டுபோய்க் குடித்தேன், பட்டியலில் பன்னிரண்டாவதாக 'மசாலா அலமாரி' என்று சேர்த்தேன், டம்ளரைக் கழுவ உள்ளே வந்தேன். கோடு மறுபடி இருந்தது. நான் துடைத்த ஈரம் சுவரில் இன்னும் காயவில்லை, அந்த ஈரத்தின் மேலேயே கோடு விழுந்திருந்தது. ஈரத்தில் எழுதினால் சாக்பீஸ் எப்படி அப்பிக்கொண்டு குங்குமம் மாதிரி அடர்த்தியாகும் என்று டீச்சர்களைக் கேளுங்கள், அப்படி இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கோடு இழுக்கிறவர்கள் தொடங்கும் இடத்தில் அழுத்துவார்கள், முடிக்கும் இடத்தில் அது வால் மாதிரி மெலியும். என் கோட்டுக்கு வால் வலது பக்கம். அந்தக் கோட்டுக்கு வால் இடது பக்கம். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இடது கைப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், அவர்கள் பலகையில் இழுத்த கோட்டை, இழுத்தது யார் என்று பார்க்காமலே சொல்வேன். இது இடது கை.

அப்போதும் பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆளில்லாத சமையலறையில் வாய்விட்டுப் பேசினேன்.

"எல்லாத்தையும் நீங்களே பார்த்துப் பார்த்துப் பண்ணிட்டுப் போயிட்டீங்க. இந்த ஒண்ணையாவது நான் பண்ணிக்கிறேன், விடுங்க. இதுலயும் உங்க பேச்சா?"

நான் ஜன்னலோரம் வைத்த சாக்பீஸ் மேடையின் இடது ஓரத்தில் இருந்தது, அதைத்தான் பதில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கோடுகளையும் சுவடே இல்லாமல் துடைத்துவிட்டு, வெளியே வந்து கிரில்லைத் திறந்து போட்டு, படியில் உட்கார்ந்துகொண்டேன். மணி மூன்று ஐந்து. என் கணவர் வரும்வரை உள்ளே போகவில்லை.

அவர் ஆறே காலுக்கு வந்தார்.

"ஏங்க, கிச்சன் செவுத்துல நீங்க ஏதாவது கோடு போட்டீங்களா?"

"நான் கிச்சன் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆவுது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஃப்ரிட்ஜத் தள்ளணும், வாங்க."

இருவரும் சேர்ந்து ஃப்ரிட்ஜைச் சுவரோடு சுவராகத் தள்ளினோம். தள்ளுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் சுத்தமாக இருந்தது. இதையும் குறித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பூபாலன் பத்து இருபதுக்கு வந்தார். நல்ல மனிதர், காதில் பென்சில், சட்டைப்பையில் டேப். மேடையைத் தட்டிப் பார்த்தார், சிங்க்குக் கீழே எட்டிப் பார்த்தார். என் பட்டியலை நீட்டினேன். படித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"என்ன சார், மேடம் மொத்தத்தையும் ஒடைக்கச் சொல்றாங்க?"

"அவங்க இஷ்டம்ங்க. மல்லிகா கட்டினது, நல்லாத்தான் இருக்குது" என்றார் இவர், கையில் காபியோடு.

பூபாலன், "மேடை ஒசரம் பார்த்துடலாம். கையை மடக்கி நேரா நில்லுங்கமா" என்றார். முப்பத்தாறு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். முழங்கைக்குக் கீழே ஐந்து அங்குலம் விட்டு, தரை வரைக்கும் டேப்பை இறக்கினார்.

"முப்பத்திநாலு. இதுக்கு மேல ஒரு இன்ச்சு ஏறினாலும் தோள்பட்டை போயிடும். முப்பத்தாறெல்லாம் ஜாஸ்தி, வேணாம்."

நான் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு, "பிளக் பாயின்ட் எங்க இருக்குது?" என்று ஃப்ரிட்ஜை இழுத்தார். இழுத்துவிட்டுச் சிரித்தார்.

"அட, கோடெல்லாம் போட்டு ரெடியா வெச்சிருக்கீங்களேமா. அப்புறம் எதுக்கு என்னை அளக்க விட்டீங்க?"

சிவப்பில் இரண்டு கோடுகள். கீழே உள்ளதில் டேப்பை வைத்தார். முப்பத்திநாலு, நூல் பிசகாமல். வால் இடது பக்கம்.

ஐந்து வருடங்களாக என் கூடவே இருக்கும் என் கணவருக்கு என் முழங்கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, என் இடுப்பு வலி பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர். நான் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் நின்று எத்தனை நாள் பார்த்திருந்தால் இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். என் பொறாமை இரண்டு மடங்கானது, உண்மையைச் சொன்னால்.

"மேல இருக்கறது யாருக்குமா?" என்றார் பூபாலன்.

"அது நான் போட்டதுதான். முப்பத்தாறு."

"முப்பத்தாறு இல்லையே. பாருங்க." டேப்பைக் காட்டினார். முப்பத்தெட்டரை. "இந்த ஒசரத்துக்கு மேடை போட்டா, நிக்கிறவங்க அஞ்சே முக்கால் அடியாச்சும் இருக்கணும். சார், வீட்ல வேற யாராச்சும் சமைக்கிறாங்களா?"

என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லங்க. இப்போதைக்கு இவ ஒருத்திதான்."

சாதாரணமாகச் சொன்னார், அவர் பேச்சே அப்படி. கரண்டு வந்துவிட்டதா என்றால்கூட இப்போதைக்கு வந்திருக்கிறது என்பார். ஆனாலும் அன்று ராத்திரி நோட்டில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் தனி வரியில் எழுதினேன்.

தை மாதம் வேலை முடிந்தது. மேடை முப்பத்திநாலு, கறுப்பு கிரானைட். பட்டியலில் இருந்த பன்னிரண்டும் போய்விட்டன. ஃப்ரிட்ஜ் இருந்த சுவரில் கோடுகளுக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டினார்கள். என் இடுப்பு வலி ஒரு வாரத்தில் போனது. தனலட்சுமி அக்கா வந்து மேடையைத் தடவிப் பார்த்து, "மல்லிகா இருந்திருந்தா உங்களுக்கு இப்டித்தான் கட்டச் சொல்லியிருப்பா டீச்சர்" என்றார்.

இதற்கெல்லாம் ஒரு விளக்கம் உங்களிடம் இருக்கலாம். மறதி, அலுப்பு, லீவு நாள் தூக்கக்கலக்கம், எதுவானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நானே எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். கீழ்க்கோட்டைக்கூட மறந்துவிடலாம் என்று இருக்கிறது. மல்லிகா எனக்காக அளந்தார், போகட்டும்.

மேல்கோட்டைத்தான் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கிரிவலப் பாதையிலும், கல்யாண வீடுகளிலும், செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் நடக்கிற வெளிநாட்டுப் பெண்களிடமும், உயரமாக யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்கையைப் பார்க்கிறேன், தரையிலிருந்து எத்தனை இருக்கும் என்று மனம் அளக்கிறது. ஐந்தே முக்கால் அடி இருந்தால், கூட வரும் இவரை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நடக்கிறேன். முன்னே பின்னே தெரியாத ஒருத்தி மேல், இன்னும் வராத ஒருத்தி மேல், வயிறு எரிகிறது.

பூபாலனிடமும் இவரிடமும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று டேப் முப்பத்தெட்டரையில் நின்றபோது அந்த மேல்கோட்டை நான் நன்றாகப் பார்த்தேன். அதன் வால் வலது பக்கம் இருந்தது. இடது ஓரத்தில், கோடு தொடங்குகிற இடத்தில், ஒரு சின்னக் குத்துக்கோடு இருந்தது.

அது என் கை. யாருக்காக அளந்தேன் என்றுதான் தெரியவில்லை.