வேட்டி கட்டிய டபிள் பேஸ்காரர்

பக்கத்துத் தெரு கராஜ் சேலில் உடுப்பு அலுமாரி வாங்கப் போன நவரட்ணம், அலுமாரி உயரத்தில், ஆள் நின்று வாசிக்கும் ராட்சத வயலின் போன்ற ஒரு டபிள் பேஸைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி புனிதவதி வாசலை மறித்து நின்றாள்.

"அலுமாரிக்குள்ள உடுப்பை வைக்கலாம். உதுக்குள்ள என்னத்தையப்பா வைக்கிறது?"

"உதுக்குள்ள சத்தம் இருக்கு, புனிதம்."

"சத்தம் இந்த வீட்டில போதுமானளவு இருக்கு."

கனடாவின் மிசிசாகாவில் விமானச் சரக்கு ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. வீடு இருந்த மல்வேர்னிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், வந்த களைப்போடு பேஸ்மென்டுக்குள் இறங்கிவிடுவார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதே கராஜ் சேலில் அள்ளி வந்த பழைய இசைத்தட்டுகள்தான் இருந்தன. அவற்றில் சில மெம்பிஸ் நகரத்தில் ஐம்பதுகளின் நடுவில் பதிவானவை. பாட்டில் தாளம் துள்ளுகிறது. உறையைப் பார்த்தால் ட்ரம்ஸ்காரன் பெயரே இல்லை. இது எங்கிருந்து வருகிறது என்று ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டார். கடைசியில் பிடிபட்டது. பேஸ்காரன் நரம்பை இழுத்துப் பலகையில் சுண்டி விடுகிறான், அடுத்த கணம் உள்ளங்கையால் அறைகிறான். டொம்-சட், டொம்-சட். ரொக் அண்ட் ரோல் நடை பழகியது இந்த உள்ளங்கை அறையில்தான், ட்ரம்ஸ் பிறகு வந்து சேர்ந்தது என்பது அவருடைய கட்சி.

ஆட்டுக்குடல் நரம்பு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. புல்லு வெட்டும் மெசினுக்குப் போடும் நைலோன் நூலைப் பூட்டினார். அது அருமையாக அறைந்தது. விரல் நுனிகளுக்குப் பிளாஸ்டர் சுற்றினார். அஜின்கோர்ட்டில் இறைச்சிக் கடை வைத்திருந்த வின்சன்ற் கிற்றாரோடு வந்து சேர்ந்தான். சரக்கு வேலையில் கூட நின்ற வெள்ளைக்காரன் டக் ட்ரம்ஸோடு வந்தான்.

மகள் நிலாணியின் கலியாணம் 2009 ஆடியில் நடக்க இருந்தது. அந்த மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. புனிதவதியின் அண்ணன் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நிலாணி தானாகவே கலியாணத்தைத் தள்ளிப்போட்டாள். அதற்குப் பிறகு ஸ்காபரோ மண்டபங்களில் எந்த விசேஷம் என்றாலும் சனம் மடியில் கைவைத்து இருந்து, சாப்பிட்டு, எழும்பிப் போனது. வெள்ளிக்கிழமை பஜனையை முன்னின்று நடத்திய புனிதவதி கோயில் பக்கமே போகவில்லை.

அடுத்த கோடையில் கலியாணத்துக்கு மறுபடி நாள் குறித்தபோது நிலாணி தகப்பனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, ரிசெப்ஷனுக்கு உங்கட பாண்ட் வேணும். சனம் டான்ஸ் பண்ண வேணும். என்ர வெடிங் செத்த வீடு மாதிரி இருக்கக் கூடாது. ப்ரொமிஸ்?"

"ஓம்" என்றார். அந்த ஓமுக்காகத் தோட்டத்துப் புல்லைக்கூட வெட்டாமல் பயிற்சி செய்தார். நூல் முழுக்க பேஸில் இருந்தது வேறு கதை.

ரிசெப்ஷன் அன்று மண்டபத்துக்குள் அவர் நுழைந்தபோது எட்டு மணி. மேடையில் வின்சன்ற் தனியே நின்றான்.

"டக் எங்கையடா?"

"அதைத்தான் அண்ணை நானும் கேக்கிறன். அவனுக்கு எத்தினை மணி எண்டு சொன்னனீங்கள்?"

"கார்ட்டில உள்ளதைத்தான். ஆறு மணி."

வின்சன்ற் கிற்றாரை இறக்கி வைத்தான். "அண்ணை, எங்கட ஆறு எட்டு எண்டு சொன்னனீங்களோ?"

கார்ட்டில் ஆறு என்று போட்டால் தமிழ்ச் சனம் வருவது எட்டுக்கு. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லாமலே தெரிந்த விஷயம். வெள்ளைக்காரனுக்குச் சொல்லத்தான் நவரட்ணம் மறந்துபோனார். வேட்டியில் பொக்கற் இல்லை என்று ரெலிபோனை மனைவியின் கைப்பையில் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் டக் விட்டிருந்த செய்தி: மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, கனநேரம் பார்த்துவிட்டேன், கலியாணம் நின்றுவிட்டதென்றால் மனவருத்தம், இரவு ஹமில்டனில் வேறு நிகழ்ச்சி இருக்கிறது.

"சீடியைப் போடுவமோ?" என்றான் வின்சன்ற்.

நவரட்ணம் மண்டபத்தைப் பார்த்தார். மடியில் கைவைத்த சனம். மணவறை அலங்காரத்துக்கு நடுவில் நிலாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வையை உருவி எறிந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பேஸை அணைத்தார்.

"தொடங்கு. ட்ரம்ஸ் நான்."

டொம்-சட், டொம்-சட். முதல் பாட்டு முடிந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இரண்டாவது பாட்டில் விரல் பிளாஸ்டர் கழன்று பறந்தது; சனத்தின் கை மடியை விட்டு எழும்பவில்லை. பெரிய மண்டபத்தில் ஒரு உள்ளங்கைச் சத்தம் எந்த மூலைக்குக் காணும், எப்படிப் போதும்? வியர்வை கண்ணுக்குள் இறங்க, நிலாணியின் பக்கம் பார்ப்பதை விட்டார்.

அப்போது முன்வரிசையில் ஒரு கைதட்டல். ஒரே சீராக, ஆணி அறைந்ததுபோல. புனிதவதி கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள், வெள்ளிக்கிழமைகளில் தட்டிய அதே தட்டு. அவளுடைய பஜனைக் கோஷ்டிப் பெண்களுக்கு அவள் கை எழும்பினால் போதும். அன்ரிமார் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். பிறகு அங்கிள்மார்.

வின்சன்ற் பதறிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அண்ணை, பிழையான இடத்தில தட்டுதுகள்! ரொக் அண்ட் ரோலுக்கு நாலு அடியில இரண்டிலயும் நாலிலயும் எல்லோ தட்ட வேணும்? இதுகள் ஒண்டிலயும் மூண்டிலயும் தட்டுதுகள்!"

"தட்டட்டும் விடடா. இரண்டும் நாலும் என்ர கையில கிடக்கு."

ஒன்றையும் மூன்றையும் சனம் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் நவரட்ணம் அறைந்தார். மண்டபத்தின் தரையே ட்ரம்ஸ் ஆனது. நிலாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள், மாப்பிள்ளையைத் தரதரவென்று இழுத்தபடி. பின்னால் சிநேகிதிகள், அவர்களுக்குப் பின்னால் வழுக்கைத்தலைச் சித்தப்பாமார்.

பாட்டு முடிய விடவில்லை. திருப்பித் திருப்பி அதையே வாசிக்க வைத்தார்கள். ஒருவழியாக நின்றபோது நவரட்ணத்தின் உள்ளங்கை பீட்றூட் நிறத்தில் இருந்தது. புனிதவதி மேடைக்கு ஏறி வந்து சால்வையை அவர் தோளில் போட்டாள்.

"என்னப்பா, காணுமோ சத்தம்?"

"காணும்" என்றார். "ஆனா நீ கொஞ்சம் ஸ்பீட்டாத் தட்டுறாய்."

"நான் சரியாத்தான் தட்டினனான். நீங்கள்தான் இழுக்கிறியள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாகத் தன் கதிரைக்குப் போனாள்.