முற்றத்து மணல்

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் என் அறைத்தோழன் ஜெபமணி, ஊரிலிருக்கும் மனைவியிடம் போனில் கத்தினான்: "ஏட்டி, யாருகூட சிரிச்சிட்டு நிக்கே?"

அந்தக் கத்தலில் எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. அம்மாவின் மேல் உயிரையே வைத்திருந்தவர். கட்டுமரம் ஏறும்முன் முற்றத்து மணலைத் தானே கூட்டிச் சமமாக்குவார். கரை திரும்பியதும் குனிந்து தடம் பார்ப்பார்.

"இங்க யாரு வந்தது?"

"நண்டுதான் வந்துச்சு. அதுகூடயும் சண்டைக்குப் போவீரா?" என்று அம்மா சிரிப்பாள்.

நாளாக ஆக அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஒரு விடியலில் முற்றத்திலிருந்து அம்மாவின் தடம் மட்டும் கடலுக்குப் போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை. காற்று அதை அழித்த பிறகும், அப்பா யாரையும் அந்த முற்றத்தைக் கூட்ட விடவில்லை.

ஜெபமணி இன்னும் கத்திக்கொண்டிருந்தான். நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். எழுந்துபோய் அவன் தோளைத் தொட்டேன்.

"அவ சிரிக்கட்டும் மக்கா."