பாக்கியத்தின் பத்து ரூபாய்க் கண்ணாடி

திருவாதவூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் பாக்கியம் பதினோரு ஆண்டுகளாகப் புல் வெட்டுகிறார். அந்தப் புல்லில் மட்டையோடு நிற்க அவருக்கு அனுமதி கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை ஊழியர்களுக்குப் போட்டி உண்டு. அது உறுப்பினர்களின் மட்டைப் பை தூக்கும் ஆண்களுக்கு மட்டும். வென்றவர் ஓராண்டு முழுவதும் திங்கட்கிழமைகளில் விளையாடலாம். பாக்கியத்துக்கு அந்தத் திங்கட்கிழமைகள் வேண்டும்.

ஒருநாள் உறுப்பினர் ஒருவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பந்தை வைத்துக் குனிந்து பார்ப்பதை அவர் கவனித்தார். கண்ணாடியின் நடுவே ஒரு கோடு. நம் கண் அந்தக் கோட்டின்மேல் தெரிந்தால் பந்துக்கு நேர் மேலே நிற்கிறோம். விலகித் தெரிந்தால் குழி இருக்கும் திசையே தப்பாகத் தோன்றும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. வெளிச்சமும் கோணமும்தான்.

பாக்கியம் பத்து ரூபாய்க்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினார். மகள் ஜெஸியின் நகப்பூச்சால் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். யாரோ வீசிப்போன வளைந்த மட்டையை நிமிர்த்திக்கொண்டார். வீட்டு வாசலில் சாய்த்து வைத்த சில்வர் டம்ளர்தான் குழி.

"என்ன, கீழ குனிஞ்சு அழகு பாக்குற?" என்றார் கணவர் இன்னாசிமுத்து.

"பதினோரு வருசமா என் கண்ணு கோட்டுக்கு வெளிய நின்னுருக்குய்யா. இன்னைக்குத்தான் தெரியுது."

ஏழு மாதம் கழித்துப் போட்டி வந்தது. செயலாளர் கோகுல்நாத் பட்டியலைப் புரட்டினார். "பை தூக்குறவங்க லிஸ்ட்டுல உங்க பேரு இல்லையேம்மா."

"புல்லு வெட்டுறவங்க லிஸ்ட்டுல இருக்குல்ல சார்? அந்தப் புல்லுலதான விளையாடப் போறாக?"

பாக்கியத்துக்குப் பின்னால், அவரோடு புல் வெட்டும் ஐந்து பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மைதானத்தில் பாதி இன்னும் வெட்டப்படவில்லை. விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கோகுல்நாத் தேடினார். எங்கும் இல்லை, பழக்கம்தான் விதியாக வேடம் போட்டிருந்தது. பெயரை எழுதிக்கொண்டார்.

மூன்று ஆண்டுகளாக வென்றுவரும் காளை, மட்டையில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். பாக்கியத்தின் பையில் கண்ணாடியைப் பார்த்ததும் கத்தினார்: "சார், அக்கா ஏதோ மந்திரம் வச்சிருக்கு!"

"உன் பழத்த அவுத்துரு தம்பி, என் கண்ணாடியத் தந்துர்றேன்."

கூட்டம் சிரித்தது. இரண்டும் கோகுல்நாத்தின் மேசைக்குப் போயின.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய 'கிரீன்' புல்தரையில் ஆளுக்கு ஐந்து பந்து, குழிக்குப் பத்தடி தூரம். சமமானால் பழைய வெற்றியாளருக்கே பட்டம். பழம் இல்லாமலே காளைக்கு நான்கு விழுந்தன. எல்லாம் அவர் பயிற்சியின் பலன். பாக்கியத்துக்கு முதல் நான்கு பந்துகளும் விழுந்தன.

ஐந்தாவது பந்து. கண்ணாடி இல்லை; ஆனால் ஏழு மாதத்தில் கழுத்து தன் இடத்தைக் கற்றிருந்தது. காலையில் தானே வெட்டிய புல் எந்தப் பக்கம் சாயும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு விரற்கடை வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்து மெல்லத் தட்டினார்.

தட்டிய கணமே பக்கத்தில் யாரோ குதிகால் பதித்திருந்த பள்ளம் அவர் கண்ணில் பட்டது. பதினோரு ஆண்டுப் பழக்கம் விடுமா? பந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டைவிரலால் புல்லைச் சமன் செய்யத் தொடங்கினார்.

"ஏய் அக்கா! பந்தப் பாரு!" என்று அலறியது காளைதான்.

டொக்.

பெண்கள் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். "அட விடுங்கடி, கிரீன் பூராம் குதிகாலாக்கிட்டீக!" என்று மேலிருந்தபடியே திட்டினார் பாக்கியம்.

அடுத்த திங்கட்கிழமை அவர் மட்டையோடு வந்தபோது, அவருக்குப் பதிலாகக் காளை புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கோணலாப் போகுதுக்கா."

"காலப் பாக்காத தம்பி. தூரத்துல ஒரு மரத்தப் பாத்துத் தள்ளு" என்றவர், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் குழியை நோக்கி நடந்தார்.