பின்கதவு

லீலாதேவி டீச்சர் பத்தொன்பது ஆண்டுகளாகக் காரில் ஏறியதில்லை. கண்டியில் கணிதம் படிப்பித்த காலமெல்லாம் பஸ்தான். அதிலும் ஆசனம் காலியாகக் கிடந்தால்கூட வாசலோரம் நின்றபடிதான் போவார். கணவர் டொக்டர் சோதிலிங்கம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்து, சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

2002இல் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தது. தான் போகவேண்டும் என்றார் டீச்சர். நல்ல ஜீப்பாக, தானே பார்த்து எடுத்ததாக இருந்தால் ஏறுவாராம். டொக்டருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே அலவத்துகொடையில் வாகனம் விற்கும் ஜவாஹிரிடம் கூட்டிப்போனார்.

அங்கே மூன்று ஜப்பான் ஜீப்கள் நின்றன. முதலாவதன் தோல் இருக்கையில் சாய்ந்த டொக்டருக்கு எழும்ப மனம் வரவில்லை. அரண்மனைக்குச் சில்லுப் பூட்டியிருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்தார்.

"நடுவழியில நிக்கவே நிக்காது டொக்டர். முன்னுக்கு, மோதினா விரியிற ரெண்டு காத்துப்பை இருக்கு," என்ற ஜவாஹிர், பின்கதவின் விளிம்பிலிருந்த சிறு விசையைத் தட்டிக் காட்டினார். "இதப் போட்டா உள்ளுக்கிருந்து திறக்க ஏலா. பேரப்புள்ளைகள் வந்தா பயமில்ல."

டீச்சர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "இது இல்லாத ஜீப் இருக்கோ?"

"சேஃப்டிக்குத்தானே டீச்சர் அது?"

டீச்சர் மற்ற ஜீப்களின் கதவு விளிம்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாவதாக நின்ற பழைய ஜீப்பில் அந்த விசை இல்லை. அதன் பின் இருக்கையில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கைபிடியைத் தடவித் திறந்தார். சாத்தினார். மறுபக்கம் நகர்ந்து அதையும் திறந்தார். பத்துத் தரமாவது இருக்கும். சிரிக்கத் தொடங்கிய ஜவாஹிர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் டொக்டர்.

"எண்பத்துமூண்டிலை, கூடப் படிப்பிச்ச இராசமணி காரிலை எனக்குப் பக்கத்திலை, இந்தக் கரையிலை இருந்தவ. நான் என்ரை பக்கத்தாலை இறங்கிட்டன். அவவின்ரை கதவிலை மட்டும் இந்த விசை போட்டிருந்தது, திறக்கேல்லை."

கலவரக்காரர் கொளுத்திய காரில் இராசமணி டீச்சர் செத்தது ஊருக்கே தெரியும். கதவின் கதை ஒருவருக்கும் தெரியாது. ஊராரின் நாடியெல்லாம் பிடித்துப் பார்த்த டொக்டர், சொந்த வீட்டில் இருந்ததை அறியவில்லை. இதையும் வைத்துக்கொண்டா இவள் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்தாள் என்று மலைத்து நின்றார். அவருக்கு மனைவியைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"இப்ப ஏன் போகவேணும் எண்டுறீர்?"

"அவவின்ரை அம்மா கோப்பாயிலை தனிய இருக்கிறா. நான் தன்ரை மகளை விட்டிட்டு ஓடினன் எண்டு நினைக்கிறாவோ தெரியாது. போய் முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்."

டொக்டர் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். டீச்சர் இராசமணி இருந்த கரைக்கு நகர்ந்து உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.