மீன் கூடையோடு உட்கார்ந்தவள்

என் தங்கை இன்பமேரி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளை எழுப்புவது கஷ்டம். எங்கள் ஏலத்தோட்டத்தில் இருந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டது கம்பளி வராத வருஷத்தில்.

போடிமெட்டிலிருந்து பூப்பாறைக்குப் போகும் ரோட்டை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால் எங்கள் தோட்டம். மழைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கம்பளி கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் ஆவணி பிறந்தும் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஸ்டோருக்குக் காய் கொண்டுவந்த பெண்கள் எடைக்குக் கொடுக்காமல், பையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பச்சை ஏலக்காய் அன்றைக்கே உலர்த்துகிற சூட்டறைக்குள் போக வேண்டும். வெளியே கிடந்தால் வேர்த்து நிறம் மாறிவிடும். நிறம் மாறிய காயை எந்த வியாபாரியும் சீண்டமாட்டான். எங்கள் கையில் இருந்த பிடி அது ஒன்றுதான்.

அழகுமலைக் கங்காணி குடையோடு வந்து நின்றார். "எந்திரிங்கத்தா. காய் வேர்க்குதுல்ல."

"நாங்கதான் நனைஞ்சு நடுங்குறோம். காயாவது வேர்க்கட்டும் கங்காணியாரே" என்றாள் இன்பமேரி.

கங்காணியே குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். கம்பளி வந்துகொண்டிருக்கிறது என்று மேனேஜர் சொன்னதும் மற்றவர்கள் எழுந்தார்கள். ஜீப்பிலிருந்து கட்டு இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இவள் எழுந்தாள். எழுந்தவள் சும்மா போகவில்லை. தன் காயைத் தானே சூட்டறைக்குள் கொண்டுபோய், ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தட்டில் பரப்பிவிட்டுத்தான் லயத்து வீட்டுக்கு வந்தாள்.

நிழல் மரம் வெட்டும்போது கிளை விழுந்து அவள் புருஷன் இறந்தான். மகள் சலேத்து அப்போது கைப்பிள்ளை. அதற்குப் பிறகு இன்பமேரி என்னோடுதான் இருந்தாள்.

1972 தொடக்கத்தில், காய் எடுப்பு முடியும் சமயம், பெய்ரூத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து தோட்டத்து பங்களாவில் தங்கினார். பெயர் கரபெத். அந்த ஊரில் காப்பியில் ஏலக்காய் போட்டுக் குடிப்பார்களாம். அவர் ஆர்மீனியர். அப்படியென்றால் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நம்மைப் போல வேதக்காரர்கள்தான் என்று பங்குச் சாமியார் சொன்னார். மனைவி சிரானுஷும், பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். குழந்தைக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. யார் தூக்கினாலும் அழுதது. இன்பமேரி தூக்கிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டதும் தூங்கிவிட்டது. ஊருக்குப் புறப்படும்போது, இரண்டு வருஷத்துக்கு இவளையும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

"ரெண்டே வருஷம்க்கா. சலேத்து புதுநன்மை எடுக்குறதுக்குள்ள வந்துருவேன். அவ தலையில நாந்தான் முக்காடு போடுவேன்" என்றாள் இன்பமேரி. சலேத்திடமும் அதையே சொன்னாள். எட்டு வயது வாக்கில் பிள்ளைகள் கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்குவதுதான் புதுநன்மை.

பெய்ரூத்தில் அவர்கள் வீடு நான்காவது மாடியில் இருந்தது. அந்தப் பகுதி முழுக்க ஆர்மீனியர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் என் தங்கை செய்த முதல் காரியம், பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் சிரானுஷிடம் நீட்டியது. அந்த அம்மாள் கேட்கவே இல்லை. கொஞ்சம் திகைத்து, பிறகு வாங்கிப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். புதுத் தோட்டத்தில் பேர் பதிய வேண்டுமென்றால் ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சீட்டு எல்லாவற்றையும் கங்காணி கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் தகரப் பெட்டியில் போட்டுக்கொள்வார். அப்போதுதான் லயத்தில் வீடு கிடைக்கும். காகிதம் கங்காணியிடம் இருந்தால் நாம் அந்தத் தோட்டத்து ஆள். நம் கையிலேயே இருந்தால் ஓடிப்போகப் பார்க்கிறோம் என்று அர்த்தம். என் தங்கை மரியாதைக்காகக் கொடுத்தாள்.

சிரானுஷ் கெட்டவள் இல்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. வெளியே போகும்போது மட்டும் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். "உனக்கு வழி தெரியாது, தொலைந்துவிடுவாய்" என்பாள். எதிர்வீட்டு பால்கனி கைநீட்டினால் தொடும் தூரம். நடுவில் துணி காயும் கயிறுகள். கீழே தெரு ஒரு கோடு மாதிரி தெரியும். மலையில் பிறந்து வளர்ந்தவள், அந்த வீட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் போய் மேகம் தெரிகிறதா என்று பார்ப்பாளாம்.

வெளிக்காற்று என்றால் சனிக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு சிரானுஷ் சந்தைக்குப் போவாள். கூடை தூக்க இவளையும் கூட்டிப்போவாள்.

சந்தை என்றால் நம் ஊர் மாதிரி மைதானம் இல்லை. சந்து சந்தாகக் கடைகள். முதல் நாள் அதற்குள் நுழைந்ததும் இவளுக்கு வந்தது வெந்தய வாசனை. எங்கிருந்து என்று தேடினால், ஒரு கடையில் மாட்டிறைச்சியைப் பாளம் பாளமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெந்தயம், பூண்டு, மிளகாய் அரைத்து மேலே கனமாகப் பூசிக் காயவைத்த இறைச்சி. பக்கத்துக் கடையில் கத்தரிக்காயைக் குடைந்து, காயவைத்து, மாலை கோத்து மாட்டியிருந்தார்கள். வேட்டி அகலத்துக்கு மெல்லிய ரொட்டியை மடித்து மடித்து அடுக்கியிருந்தார்கள். ஏதோ மஞ்சள் பழத்தைக் கூழாக்கித் தோல் மாதிரி காயவைத்துச் சுருட்டி விற்றார்கள்.

ஊறுகாய்க் கடையில் பழுப்பு நிறத்தில் நீள நீளமாக மெழுகுவத்திகள் தொங்கின. மாதா படத்துக்கு முன்னால் ஏற்றலாம் என்று ஒன்றைத் தொட்டுக்காட்டிக் கேட்டாள். கடைக்காரி அரக்ஸி, பருத்த உடம்பு, பெரிய குரல், எடுத்துக் கொடுத்தாள். இவள் நுனியைத் திருகித் திரியைத் தேடியதும், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அக்ரோட்டுப் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்த தின்பண்டம் அது. அரக்ஸி சந்தே கேட்கும்படி சிரித்தாள். அன்றிலிருந்து இவள் அந்தப் பக்கம் போனால், "வந்தாயா? இன்றைக்கு எதைக் கொளுத்தப் போகிறாய்?" என்பாள். ஒரு துண்டு வெட்டி வாயில் கொடுப்பாள். வாங்குமுன் ருசி பார்க்கக் கொடுப்பது அங்கே வழக்கம். வாங்க முடியாதவளுக்கும் அரக்ஸி கொடுத்தாள்.

இப்படி அந்தச் சந்தையில்தான் என் தங்கை அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டாள். சிரானுஷுக்கு அது தெரியாது. வீட்டில் இவள் பேசியது பங்களாவில் கற்ற அரைகுறை இங்கிலீஷ்தான்.

இரண்டு வருஷம் முடிந்தது. எப்போது ஊருக்கு என்று கேட்டாள். "குளிர் போகட்டும்" என்றாள் சிரானுஷ். குளிர் போனதும், "ஈஸ்டர் முடியட்டும்" என்றாள். இவள் நம்பினாள். பங்குச் சாமியார் மே மாதம் புதுநன்மை என்று அறிவித்திருந்தார். அதை நான் எழுதியிருந்தேன்.

1974 ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அன்று மாலை ஆர்மீனியர் வீடுகளில் மீனும் கீரையும் சமைப்பது முறை. சந்தையில் கால் வைக்க இடமில்லை. பெரிய மீன் ஒன்று, கீரைக்கட்டுகள், தயிர், முட்டைக்குச் சிவப்பு நிறம் ஏற்ற வெங்காயத் தோல் எல்லாம் கூடையில் ஏறின. கடைசியாக ஊறுகாய்க் கடை.

"இவள் ஊருக்குப் போகிற நேரம் ஆயிற்றே?" என்று அரக்ஸி பேச்சுவாக்கில் கேட்டாள்.

சிரானுஷ் ஆலிவ் காயை ருசி பார்த்துக்கொண்டே, "எங்கே விடுவது? குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரை இவள் இருக்க வேண்டியதுதான்" என்றாள்.

குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. அங்கே ஆறு வயதில் பள்ளிக்கூடம். என் தங்கை இரண்டையும் மனதில் போட்டுக் கழித்துப் பார்த்தாளாம். சலேத்து பெரிய மனுஷி ஆகிவிடுவாள் என்று தோன்றியதாம்.

நடுச்சந்தில், ஊறுகாய்ப் பீப்பாய்க்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே, உட்கார்ந்துவிட்டாள். கூடையை மடியில் வைத்து, பிடிக்குள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

"எழுந்திரு. என்ன ஆச்சு, மயக்கமா?" என்றாள் சிரானுஷ்.

"பாஸ்போர்ட்" என்றாள் இவள். பிறகு அவர்கள் பாஷையிலேயே சொன்னாள்: "என் பாஸ்போர்ட் இங்கே வர வேண்டும். அதுவரை மீன் வராது."

இவளுக்குத் தங்கள் பாஷை தெரியும் என்பது சிரானுஷுக்கு அப்போதுதான் தெரிந்தது. மிரட்டினாள். கூடையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கூட்டம் கூடிவிட்டது. இறைச்சிக் கடைக்காரன், "சிரானுஷ், மீன் வாங்கினாயா, பெண்ணை வாங்கினாயா?" என்று கேட்டதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. "போலீஸ் பிடிக்கட்டும், அப்போது தெரியும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்ததாம். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பூட்டு இல்லாத இடத்தில், அந்த வீட்டு ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் இருக்கிறாள். எழுந்து நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் எங்கே நடப்பது? கையில் ஒரு காகிதம் கிடையாது. சந்தின் இந்த முனையில் ஒரு தெரு, அந்த முனையில் ஒரு தெரு, அதற்கப்பால் கடல் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். "பூட்டின வீடே தேவலைன்னு தோணுச்சுக்கா. அங்க கதவையாவது முறைச்சுப் பாக்கலாம்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வெயில் ஏறியது. மீன் வாசனைக்கு இரண்டு பூனைகள் வந்து எதிரே உட்கார்ந்தன. அரக்ஸி ஒரு வாளியில் ஐஸ் கொண்டுவந்தாள். "மீனை இதில் போடு. கெட்டுவிடும்."

"வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு? நாறிவிடும்."

"நாறட்டும். அந்தப் பயத்தில்தான் அவர்கள் வருவார்கள்."

அரக்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வாளியை உள்ளே எடுத்துப்போய்விட்டு, ஒரு ரொட்டியில் ஊறுகாய் வைத்துச் சுருட்டிக் கொண்டுவந்தாள். இவள் கையை எடுக்கவில்லை. அரக்ஸியே ஊட்டிவிட்டாள். "பூனைக்கும் உனக்கும் நான்தான் காவலா? நல்ல பண்டிகை" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊட்டினாள்.

கடைகள் அடைக்கத் தொடங்கிய நேரத்தில் கரபெத் வந்தார். தோளில் குழந்தை, அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்து. இவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. இவளுக்கு அந்த நாளிலேயே பெரிய கஷ்டம் அதுதான். தூக்க வேண்டுமானால் கூடைப் பிடியை விட வேண்டும்.

"குழந்தையைப் பார். வீட்டுக்கு வா, அங்கே தருகிறேன்" என்றார் கரபெத்.

"இங்கே" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

கோவில் மணி அடித்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அவரிடம் ஏலக்காய் வாங்குகிறவர்கள். அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது கையில் பாஸ்போர்ட் இருந்தது.

என் தங்கை அதைத் திறந்து, தன் படம்தானா என்று பார்த்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். கால் மரத்துப்போய் அரக்ஸியின் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அந்த நான்கு மாடியும் ஏறினாள். வேறு எங்கே போவது? மீனின் செவுள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கழுவி அவளே சமைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. டிக்கெட் அவர்கள்தான் எடுக்க வேண்டும். வேறு ஆள் கிடைக்கட்டும் என்றார்கள். சனிக்கிழமை சந்தையும் நின்றுபோனது. கதவு முன்போலவே பூட்டியிருந்தது. இவள் பாஸ்போர்ட்டைத் தலையணைக்குள் தைத்து வைத்துப் படுத்தாள். மே மாதம் இங்கே புதுநன்மை நடந்தது. சலேத்தின் தலையில் நான்தான் முக்காடு போட்டேன். அவள் கோவில் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வேறு ஆள் கிடைத்த பிறகுதான் டிக்கெட் எடுத்தார்கள். ஜூன் கடைசியில், மழை கொட்டும்போது, போடிமெட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி என் தங்கை வந்தாள். சலேத்து அவளைப் பார்த்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. பெட்டியைத் திறந்து, அரக்ஸி கரபெத்திடம் கொடுத்தனுப்பிய பழுப்பு மெழுகுவத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தபிறகுதான் கிட்டே வந்தது.

அடுத்த வாரம் பேர் பதிய ஸ்டோருக்குப் போனோம். அழகுமலைக் கங்காணி தகரப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாத்தா, சீமைக்காரி. காயிதமெல்லாம் கொண்டாந்தியா?"

இன்பமேரி, பங்குச் சாமியாரிடம் புதிதாக எழுதி வாங்கிய ஞானஸ்நானச் சீட்டை விரித்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அவர் கை நீட்டினார். இவள் விடவில்லை.

"பாத்து எழுதிக்கிடுங்க. கையில தரமாட்டேன்."

"ஏத்தா, எம் பெட்டியில இருந்தா பத்திரமாத்தான இருக்கும்?"

"பத்திரமாத்தான் இருக்கும். எடுக்கத்தான் முடியாது."

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கம்பளி வருஷம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் எங்கே உட்கார்ந்துவிடுவாளோ என்று முற்றத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கழுத்தைச் சாய்த்து, அவள் கையிலிருந்தபடியே படித்து எழுதினார்.

அவளுக்குப் பின்னால் சுருளியம்மாள் நின்றிருந்தாள், கம்பத்திலிருந்து புதிதாக வந்தவள். முறை வந்ததும் தன் ரேஷன் கார்டை இரண்டு கையாலும் கங்காணியிடம் கொடுத்தாள். அது பெட்டிக்குள் விழுந்தது. மூடியை அவர் சாத்துகிறவரை என் தங்கை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.